இசைவும் அடிபணிவும்: ஒரு வழக்கின் சொல் வரலாறு

1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், பெண்ணின் இசைவின்றி நிகழும் உடலுறவை வன்புணர்ச்சி என்றது. எது இசைவாகாது என்று கூறிய அச்சட்டம், இசைவு யாதென வரையறுக்கவில்லை. இக்குறையின் விளைவைத் துக்காராம் எதிர் மகாராட்டிர அரசு வழக்கில் காணலாம்.

1972 மார்ச்சில் தேசாய்கஞ்ச் காவல் நிலையத்தில் தமக்கு நேர்ந்த கொடுமை குறித்து ஆதிவாசி இளம்பெண் ஒருவர் காவலர் இருவர்மீது முறையிட்டார். 1974இல் அமர்வு நீதிமன்றம் இருவரையும் விடுவித்தது. அச்சத்தால் அடங்கிப்போதல் இசைவாகாது எனக் கொண்டு, 1976இல் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் நாகபுரிக் கிளை அவர்களைத் தண்டித்தது. 1978இல் உச்சநீதிமன்றம், உடலில் காயமின்மையை எதிர்ப்பின்மைக்குச் சான்றாகக் கொண்டு மீண்டும் விடுவித்தது.

1979இல் உபேந்திர பக்ஷி, லோத்திகா சர்க்கார், வசுதா தாகம்வார், ரகுநாத் கேல்கர் ஆகிய நால்வர் தலைமை நீதிபதிக்குத் திறந்த மடல் வரைந்தனர். அடிபணிவெல்லாம் இசைவாகாது என்பது அதன் மையக் கருத்து. காவலில் நிகழும் வன்புணர்ச்சி வழக்கில் உடலுறவு மெய்ப்பிக்கப்பட்டு, தாம் இசையவில்லை என்று பெண் சாட்சியமளித்தால், நீதிமன்றம் இசைவின்மையையே அனுமானித்தல் வேண்டும் என 1983ஆம் ஆண்டுத் திருத்தம் விதித்தது. உடலால் எதிர்க்காமை ஒன்றே இசைவாகாது என 2013ஆம் ஆண்டுத் திருத்தம் தெளிவாக்கியது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவும் அதனைப் பேணுகிறது.

மௌனம் சம்மதத்திற்கு அறிகுறி என்னும் வழக்கு தமிழிலும் உண்டு. 'சம்மதம்' எனப் பெயர்ப்பவர் அவ்வழக்கின் நிழலையும் உடன் கொணர்கிறார். ஆதலின் சட்டத்தமிழில் 'இசைவு', 'அடிபணிவு' என்பன ஒன்றோடொன்று மயங்காமல் ஆளப்படல் வேண்டும். காவல் நிலையத்தில் ஒருத்தி வாயடைத்து நின்ற நிலைக்கு எச்சொல்லை இடுகிறோம் என்பதைப் பொறுத்தே அவளுக்குரிய நீதியும் அமைகிறது.