நாலைந்து சொட்டு பெற்றோல்

ரொறன்ரோவின் ரூஜ் பகுதியில் ஏப்ரல் குளிர் இன்னும் விட்டபாடில்லை. குளிர்காலம் முழுக்கக் கராஜில் கிடந்த மோட்டார் சைக்கிளை ஸ்ராட் பண்ணி, சூடேறும்வரை நிற்கிறேன். மனம் யாழ்ப்பாணத்துக்கு ஓடிவிடுகிறது.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. பொருளாதாரத் தடையால் பெற்றோல் அரிதாகி, ஹொண்டா எம்.டி. 90 மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் லேசில் ஆவியாகாது. அதனால் சின்னப் போத்தலில் பொத்திவைத்த பெற்றோலில் நாலைந்து சொட்டைக் காபரேற்றருக்குள் விட்டு, அப்பா கிக்கரை உதைப்பார். சூடேறியதும் மண்ணெண்ணெய் பிடித்துக்கொள்ளும். ஒழுங்கை முழுக்கப் புகை மணக்கும்.

அந்தச் சொட்டுகளை நம்பித்தான் பிள்ளைத்தாய்ச்சிகளும் நோயாளிகளும் ஆசுபத்திரிக்குப் போனார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லாமல் விடக்கூடாது.