செயின்ட் ஜூட் இந்தியா சைல்ட்கேர் மையங்கள்

புற்றுநோய்ச் சிகிச்சைக்காகப் பெருநகரங்களுக்கு வரும் ஏழைக் குழந்தைகளும் பெற்றோரும் கட்டணமின்றித் தங்கும் இல்லங்கள். நிகால் கவிரத்னே, சியாமா கவிரத்னே தம்பதியர் 2006-இல் மும்பையில் தொடங்கினர்.

மும்பை பரேலில் 1941-இல் திறக்கப்பட்ட டாட்டா நினைவு மருத்துவமனைக்கு நாடெங்கிலுமிருந்து நோயாளிகள் வருகிறார்கள். கீமோதெரபி பல மாதங்கள் நீளும். ஆனால் குழந்தை எல்லா நாளும் வார்டில் இருப்பதில்லை. ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடையில் எங்கே தங்குவது? வாடகைக்கு வழியில்லாதவர்கள் நடைபாதையில் படுத்தார்கள். எதிர்ப்பாற்றல் குன்றிய உடம்புக்கு அங்கே தொற்று எளிதில் வரும். சிலர் சிகிச்சையைப் பாதியில் விட்டு ஊர் திரும்பினர். மருந்து இருந்தும் தங்க இடமில்லாமல் பிள்ளையைப் பறிகொடுப்பது கொடுமையிலும் கொடுமை.

இம்மையங்களில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி இடம் உண்டு, சமையலறை பொது. அரிசி, பருப்பு தந்துவிடுகிறார்கள். வாய் கசந்துபோன பிள்ளைக்குப் பழகிய ருசியில் தாயே சமைத்துக் கொடுக்கலாம். மருந்துக்கு நிகரான உதவி அது. மருத்துவமனைக்குச் செல்ல வாகனம், பாடம், மன ஆறுதல் ஆலோசனை ஆகியனவும் உண்டு.

சென்னையிலும் இம்மையம் இயங்குகிறது. சேர்வதற்கு மருத்துவமனையின் பரிந்துரை தேவை; அங்குள்ள சமூகப் பணியாளரிடம் பெற்றோர் தயங்காமல் கேட்க வேண்டும்.