மாத்தளையும் தூரிகை எழுத்தும்

எழுத்தின் வடிவத்தை எழுதுகருவியும் அதனை இயக்கும் சமூக உறவுகளுமே நிர்ணயிக்கின்றன. மாத்தளை அலுவிகாரையில் கி.மு. முதலாம் நூற்றாண்டில் பாளித் திரிபிடகம் ஏட்டிலேறியதென்பது மரபு. அங்கு எழுத்தாணி துறவியர் கையிலிருந்தது. தமிழிலோ, ஓலை கிழியுமென அஞ்சி ஏடெழுதியோர் மெய்யெழுத்தின் புள்ளியைத் தவிர்த்தனர்.

கடைப்பலகையிலும் தொழிற்சங்கப் பதாகையிலும் எழுதும் தூரிகைக்கு அவ்வச்சமில்லை. புள்ளி பொட்டாய்த் திரளும். சுழிகள் தடித்தும் மெலிந்தும் ஓடும். தெருவில் நடப்பவர் தொலைவிலிருந்தே படிக்கவேண்டுமென்ற தேவையே அதன் அழகியலாகும்.

1956இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழியாக்கப்பட்டது. 1958இல் நாட்டின் பல நகரங்களில் தமிழ்ப் பெயர்ப்பலகைகள்மீது தார் பூசப்பட்டது. எழுதிய கருவியே அழிக்கும் கருவியாயிற்று. 1987இல் 13ஆம் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கியது. எனினும், சட்டம் பலகை எழுதுவதில்லை. பெயரறியாத் தொழிலாளரே எழுதினர். கணினி அச்சுப் பதாகைகள் பெருகிவிட்ட இன்று, மாத்தளைத் தெருக்களில் எஞ்சிய அவர்தம் எழுத்துகளைத் தொகுத்தல் ஆய்வாளர் கடனாகும்.