அம்பிளிக்கை கருப்பைவாய்ப் புற்றுநோய் ஆய்வு (2000–2003): காட்சிச் சோதனையும் திசுச் சோதனையும்

ஆய்வுச் சுருக்கம்

திண்டுக்கல் மாவட்டத்தில் நடைபெற்ற கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையில், கண்ணால் கண்ட மாற்றமும் திசு மாதிரியும் சிகிச்சை முடிவில் எவ்வாறு இணைக்கப்பட்டன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: கருப்பைவாய்ப் புற்றுநோய், கால்போஸ்கோப், திசுச் சோதனை, அம்பிளிக்கை, திருப்பூர்

முன்னுரை

புற்றுநோயை உறுதி செய்வது நுண்ணோக்கியின்கீழ்க் காணும் திசுவே என்பது மருத்துவத்தின் நெடுநாள் கொள்கை. எவ்விடத்துத் திசுவை எடுப்பது என்பதற்குக் காட்சி துணைநிற்கிறது. 1925இல் ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ் ஹின்செல்மன் உருவாக்கிய கால்போஸ்கோப், கருப்பைவாயைப் பெரிதாக்கிக் காட்டி, ஐயத்திற்குரிய இடத்திலிருந்தே திசு எடுக்க வழிசெய்தது.

ஆய்வுக்களம்

1954இல் தொடங்கப்பட்ட அடையாறு புற்றுநோய் நிலையம், பிரான்சு நாட்டு லியோன் நகரிலுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, அம்பிளிக்கை கிறித்தவ ஐக்கியச் சமுதாய நல மையம் ஆகியன இவ்வாய்வில் இணைந்தன. 114 தொகுதிகளுள் குலுக்கல் முறையில் 57 பரிசோதனைக்கும் 57 ஒப்பீட்டிற்கும் ஒதுக்கப்பட்டன. பரிசோதனைத் தொகுதிகளில் 30 முதல் 59 வயது வரையிலான 49,311 பெண்களுள் 31,343 பேர் முன்வந்தனர்.

காட்சியும் திசுவும்

நீர்த்த அசிட்டிக் அமிலம் தடவப்பட்டதும் மாறுபட்ட செல்கள் வெண்மையாகத் தோன்றும். எனினும் அழற்சியும் அவ்வாறே வெளுக்கக்கூடும். ஆகவே வெண்மை மட்டும் சான்றாகாது. ஐயத்திற்குரியோராகக் கண்ட 3,088 பேருள் 3,052 பேர் கால்போஸ்கோப் வழியே பார்க்கப்பட்டனர். 2,539 பேரிடம் திசு எடுக்கப்பட்டது.

இங்கு ஒரு முறைமாற்றம் நிகழ்ந்தது. தகுதியுடையோர்க்குத் திசு முடிவுக்குக் காத்திராமல், அதே வருகையிலேயே பயிற்சி பெற்ற செவிலியர் உறையவைத்து அழிக்கும் சிகிச்சையை அளித்தனர். பெரிய மாற்றமோ புற்றுநோயோ உடையோர் மேல்சிகிச்சைக்கு அனுப்பப்பட்டனர். சிகிச்சைக்கு முன் நின்ற திசுச்சான்று, பலருக்குச் சிகிச்சையைப் பின்னர்ச் சரிபார்க்கும் சான்றாயிற்று. இதனால் தேவையற்ற சிகிச்சை சிலர்க்கு நேரலாம். ஆயினும் முடிவைக் கேட்கத் திரும்பி வராமல் விடுபடுவோர் குறைவர்.

விளைவும் விவாதமும்

2007இல் 'லான்செட்' இதழில் வெளியான முடிவின்படி, பரிசோதனைத் தொகுதிகளில் நோய் நிகழ்வு 25 விழுக்காடும் இறப்பு 35 விழுக்காடும் குறைந்திருந்தன. அதேவேளை, ஒப்பீட்டுத் தொகுதிகளின் 30,958 பெண்கள் வழக்கமான மருத்துவ வசதியை மட்டுமே பெற்றனர். அவர்களுள் 92 பேர் இந்நோயால் இறந்தனர். இவ்வமைப்பின் அறநெறி குறித்துப் பின்னாளில் கடும் விவாதம் எழுந்தது. இவ்வெண்ணிக்கையை விடுத்து ஆய்வின் வெற்றியை மட்டும் எழுதுதல் முழுமையான வரலாறாகாது.

முடிவுரை

2009இல் உருவான திருப்பூர் மாவட்டம் இவ்வாய்வுக்களத்தின் அண்டை நிலம். பின்னலாடை நிறுவனங்களில் பணிபுரியும் பெண்ணுக்கு மருத்துவமனைக்குச் செல்லும் ஒவ்வொரு வருகையும் ஒருநாள் கூலியிழப்பாகலாம். எனவே காட்சிச் சோதனையின் துல்லியத்தோடு, எத்தனை வருகையில் சிகிச்சை நிறைவுறும் என்பதும் திட்டமிடலில் அளவிடப்படல் வேண்டும். அதற்கான முன்மாதிரியையும், ஒப்பீட்டுக் குழுவினர்க்கும் பரிசோதனை கிட்ட வேண்டும் என்னும் எச்சரிக்கையையும் அம்பிளிக்கை ஆய்வு ஒருங்கே தருகிறது.