திருப்பெருந்துறையும் திருவாசக ஓதலும்

புதுக்கோட்டை மாவட்டத்தில் அறந்தாங்கிக்குத் தெற்கே, வெள்ளாற்றை அடுத்து விளங்குவது திருப்பெருந்துறை. ஆவுடையார்கோயில் என்பது இந்நாளில் வழங்கும் பெயர். 1974ஆம் ஆண்டில் அம்மாவட்டம் அமையுமுன் இவ்வூர் தஞ்சாவூர் மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. ஆதலின் பழைய நூல்களில் இதனைப் புதுக்கோட்டையோடு சேர்த்துக் காண்டல் அரிது. இங்குள்ள கொடுங்கைகளையும் கற்சங்கிலிகளையும் காணவே வருவார் பலர். சைவர்க்கோ இத்தலம் வேறொன்றால் உரியது. திருவாதவூரடிகள் தம் ஞானாசிரியனைப் பெற்றதும் இங்கே; பிரிந்ததும் இங்கே. பெற்ற வரலாறு பலரும் எடுத்தோதுவது. பிரிந்த பின்னர் அடிகள் எவ்வாறு உயிர் தரித்திருந்தார் என்பது அத்துணை ஆராயப்படுவதில்லை.

அரிமர்த்தன பாண்டியனுக்கு அமைச்சராயிருந்த வாதவூரர் குதிரை கொள்ளப் பெரும்பொருளுடன் புறப்பட்டு வந்தார். பெருந்துறையிற் குருந்தமர நீழலில் அடியார் சூழ எழுந்தருளியிருந்த குருமூர்த்தியைக் கண்டு ஆட்பட்டார். கொண்டு வந்த பொருள் திருப்பணிக்காயிற்று. அதன் பின்னர் நிகழ்ந்தவற்றைப் பரஞ்சோதி முனிவர் திருவிளையாடற் புராணத்து 58ஆம் படலம் முதல் 61ஆம் படலம் வரை விரித்துரைத்தார். சிறை, ஒறுப்பு, நரி பரியானமை, பரி மீண்டும் நரியானமை, வையை பெருகினமை, வந்தியின் பிட்டுக்கு இறைவன் மண் சுமந்தமை ஆகிய இவை சைவச் சிறாரும் அறிந்தவை. கடவுண்மாமுனிவர் தம் திருவாதவூரர் புராணத்துள், குருமூர்த்தியின் திருக்கரத்தே சிவஞானபோதப் புத்தகம் இருந்ததெனக் கூறினார். மெய்கண்டார் பதின்மூன்றாம் நூற்றாண்டினர். அடிகளோ அவர்க்கு முற்பட்டவர். ஆதலின் இதனை வரலாறாகக் கொள்ளுதற்குத் தடையுண்டு. எனினும், ஆட்கொள்ள வந்த இறைவனை ஏடேந்திய ஆசிரியனாகவே மரபு கண்டது என்பது கருதத்தக்கது.

அடிகள் காலத்தை மறைமலையடிகள் மூன்றாம் நூற்றாண்டென நிறுவ முயன்றார். திருக்கோவையாருள் வரகுணன் பெயர் வருதல்கொண்டு ஒன்பதாம் நூற்றாண்டென்பார் பலர். அவ்வழக்கு ஈண்டு வேண்டப்படுவதன்று.

திருவாசகத்தைத் தொடர்ந்து ஓதி வருவார்க்கு ஒன்று புலனாகும். நரியைப் பரியாக்கியதும் பிட்டுக்கு மண் சுமந்து அடியுண்டதும் அதனுள் பலவிடத்துப் பேசப்படுகின்றன. ஆயின் சிறையிலும் சுடுமணலிலும் தம் யாக்கை பட்ட பாட்டினை அடிகள் விரித்துரைத்தாரல்லர். இறைவன் பட்ட அடியை நினைந்து உருகியவர், தாம் பட்ட ஒறுப்பினை ஒரு பொருளாகக் கொள்ளவில்லை. அவர் அழுதது பிறிதொன்றற்கு. உடனிருந்த அடியார் கூட்டம் குருவோடு மறைய, தாம் மட்டும் நிலவுலகில் நிறுத்தப்பட்டமையே அவர் நெஞ்சைப் பிளந்த துயர். அரசன் சினம் தணிந்தது; வையை வெள்ளமும் வடிந்தது; இத்துயர் வடியவில்லை.

அப்பரடிகளுக்கு வந்த சூலை திருவதிகையிற் பதிகம் பாடிய அளவில் நீங்கிற்று. ‘பாடினேன், நோய் தீர்ந்தது’ என்று அங்கே ஒரு கணக்கு முடிந்துவிடுகின்றது. நாள்தோறும் திருமுறை ஓதியும் துன்பம் தீராதார், அவ்வரலாற்றைக் கேட்டுத் தம் அன்பிற் குறையுண்டோ என மயங்குதல் இயல்பே. அன்னார் காணவேண்டுவது வாதவூரடிகள் வரலாறு. உத்தரகோசமங்கையில் அவர் அருளிய நீத்தல் விண்ணப்பம் ஐம்பது பாட்டு. கைவிடாதே என்னும் ஒரே முறையீடு அவ்வைம்பதிலும் திரும்பத் திரும்ப வருகின்றது. முதற்பாட்டிலேயே விடை வந்திருப்பின் ஏனை நாற்பத்தொன்பதும் எழுந்திரா. பெருந்துறையில் அருளியனவாக மரபு கூறும் பதிகங்களுள் அடைக்கலப்பத்து, ஆசைப்பத்து, வாழாப்பத்து, பிரார்த்தனைப்பத்து என வரும் பெயர்களே அவர் நிலையைக் காட்டும். அருள் பெற்ற பின்னரும் ஒருவர் இங்ஙனம் அரற்றுவாராயின், அழுகை அன்பின்மைக்கு அடையாளமாகாது.

சித்தாந்தம் இதற்குக் காரணம் கூறும். குருவருளாற் சஞ்சிதம் கெடினும், உடல் உள்ளளவும் பிராரத்தம் நுகரப்படும். நுகர்ச்சி நிற்கும்வரை பழைய வாசனை தாக்குதலும் உண்டு. ஆதலினன்றோ சிவஞானபோதத்து ஒன்பதாஞ் சூத்திரம், ஞானத்தால் நாடிய பின்னரும் ஐந்தெழுத்தை விதிப்படி எண்ணுக என்று கூறுவதாயிற்று! திருவாசகத்தின் முதலாகிய சிவபுராணமும் ஐந்தெழுத்தை வாழ்த்தியே தொடங்குகின்றது. ஓதுதல் வினையை விலக்கிவிடும் என்பதன்று கருத்து. வினை வந்து தாக்கும்போது உயிர் தன்னைத் தனித்ததாக எண்ணாது இறைவனைச் சார்ந்து நிற்றற்கு அது துணையாம். நாள்தோறும் என்னும் முறைமையும் இது பற்றியதே. வாசனை நாள்தோறும் வருகின்றதன்றோ?

அடிகள் தம் பாட்டுக்குத் தெரிந்தெடுத்த வடிவங்களும் கருதற்பாலன. அம்மானை, சாழல், தோள்நோக்கம், உந்தி, ஊசல் ஆகியன மகளிர் ஆடல்கள். பள்ளியெழுச்சி விடியற்காலைக்கு உரியது. பொற்சுண்ணம் உரலும் உலக்கையும் கொண்டு இடிப்பது. இவையெல்லாம் இல்லத்தும் முற்றத்தும் இயல்பாக நிகழ்வன. கோயில் வாயிலோடு நில்லாமல் திருவாசகம் வீட்டினுள் புகுந்தமைக்கு இதுவும் ஓர் ஏது. யாழ்ப்பாணத்துச் சைவர் இல்லங்களில் இறந்தார்க்குச் செய்யும் அபரக்கிரியையின்போது சுண்ணம் இடித்துத் திருப்பொற்சுண்ணம் ஓதுகின்றனர். மகளிர் மகிழ்ந்து இடித்துப் பாடுவதாக அமைந்த பாட்டு, பிணம் கிடக்கும் முற்றத்தில் ஒலிக்கின்றது. முதன்முறை கேட்பார்க்கு இது முரணாகத் தோன்றும். நாள்தோறும் ஓதி நாவிற் படிந்த பாட்டேயாதலின், சொல்லெழாத அவ்வேளையிலும் அது தானே எழுகின்றது. துயர் வந்த பின் புதிதாகக் கற்கத் தொடங்குவார்க்கு இஃது எளிதன்று.

பொருளறிந்து ஓதுவோர்க்கே சிவபுராணம் தன் இறுதியிற் சிவனடிப் பேற்றைச் சொல்லியது. இந்நிபந்தனையை மறத்தலாகாது. சயாம் நாட்டுத் தலைநகராகிய பாங்காக்கில் அரசவை அந்தணர் ‘திரியம்பாவாய்’ என ஒரு விழாக் கொண்டாடி வந்தனர். அப்பெயர் திருவெம்பாவையின் திரிபு. அவ்விழாவின் பெரிய ஊசலாட்டம் 1935ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. கோயிற் சடங்குகள் நின்றொழியவில்லை. கடல் கடந்தும் பல நூற்றாண்டு ஒலி நிலைத்தமை வியப்பே. ஆயினும் அவ்வோதுவார்க்குத் தமிழ் தெரியாது, பாட்டுக்களும் உருத்திரிந்தன. மற்றொரு புறம், கிறித்தவக் குருவாகிய ஜி. யு. போப் 1839இல் தமிழ்நாட்டுக்கு வந்தவர், முதுமையில் ஆக்ஸ்போர்டிலிருந்து திருவாசகம் முழுவதையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1900ஆம் ஆண்டில், தம் எண்பதாம் அகவையில் வெளியிட்டார். இத்துணைப் பெரும்பணியை முடிக்க ஆயுள் போதாதே என்று அவர் தளர்ந்தபோது, அதை முடிக்கும்வரை நீர் இருப்பீர் என நண்பர் ஜோவெட் தேற்றியதாக அவரே முன்னுரையில் எழுதியுள்ளார். ஜோவெட் அந்நூலைக் காணாது 1893இல் மறைந்தார், போப் முடித்தார்.

இனிப் பெருந்துறைக் கோயிலுக்கு மீள்வோம். திருவாவடுதுறை ஆதீனத்தின் ஆட்சியிலுள்ள இத்தலத்துக் கருவறையில் இலிங்கத் திருமேனி இல்லை. ஆவுடையார் மட்டும் உளது, அதன்மேல் வெளி. நந்தியும் இல்லை, கொடிமரமும் இல்லை. யோகாம்பிகைக்கும் திருவுரு இல்லை. ஆன்மநாதர் அருவமாயிருத்தற்குத் தத்துவப்பொருள் கூறுவார் பலவாறு கூறுப. குரு மறைந்த இடத்தில் நின்று அடிகள் கண்டதும் இத்தகையதோர் வெளியே. புழுங்கலரிசிச் சோற்றை வடித்துக் கல்மேற் பரப்ப, மேலெழும் ஆவியே இறைவற்கு நிவேதனமாகின்றது. உடன் வைப்பன கீரையும் பாகற்காயும். காலை முதல் இரவு வரை ஆறு காலமும் இது நிகழ்கின்றது. ஆனித் திருமஞ்சனத்தும் மார்கழித் திருவாதிரையிலும் திருவிழாக் கொள்பவர் மாணிக்கவாசகரே. உருவின்றி இறைவன் உள்ளே வீற்றிருக்க, கையில் ஏட்டுச்சுவடியுடன் அடியவர் வீதியில் எழுந்தருளி வருகின்றார்.