விரைவினும் உழைப்பே பெரிது: ஜாகுவார் எக்ஸ்.கே. எஞ்சினின் வரலாறு

விரைவினால் ஓர் எஞ்சின் புகழ் பெறுவது இயல்பு. அவ்விரைவைப் பிற எஞ்சின்கள் விஞ்சிய பின்னரும் அது நெடுங்காலம் பயன்பட்டு நிற்பது அரிது. அத்தகைய அரியவற்றுள் ஒன்று, இங்கிலாந்தின் கவென்டிரி நகரில் பிறந்த ஜாகுவார் எக்ஸ்.கே. எஞ்சின். 1948-இல் உலகின் பார்வைக்கு வந்த அது, 1992 வரை புதிய வண்டிகளில் இடம்பெற்றது.

இரண்டாம் உலகப் போரில் கவென்டிரி நகரம் விமானக் குண்டுவீச்சினால் பேரழிவுற்றது. தொழிற்சாலைகளில் இரவு முழுதும் விழித்திருந்து தீக்காவல் புரிவது அக்காலத்துக் கடமை. அக்காவல் இரவுகளில் நிறுவனத் தலைவர் வில்லியம் லயன்ஸும், பொறியாளர்களான வில்லியம் ஹெய்ன்ஸ், வால்டர் ஹாசன், கிளாட் பெய்லி ஆகியோரும் கூடியமர்ந்து, போருக்குப் பின் தாம் செய்யவிருக்கும் எஞ்சினைப் பற்றி ஆராய்ந்தனர். அழிவின் நடுவே ஆக்கத்தைச் சிந்தித்தனர்.

அவர்கள் கண்ட முடிவு யாது? வால்வுகளை இயக்கும் இரு தண்டுகளைச் சிலிண்டர்களின் தலைக்கு மேலேயே அமைப்பது. பந்தய வண்டிகளுக்கும் விலை மிக்க சில வண்டிகளுக்குமே உரியதாக அதுவரை இருந்த அமைப்பு அது. சாய்வாக நிறுத்திய வால்வுகளும் அரைக்கோள வடிவான எரியறையும் பெட்ரோல் கலந்த காற்று தடையின்றி வந்து செல்ல வழிசெய்தன. கீழே சுழலும் கிராங்க் தண்டினை ஏழு பேரிங்குகள் தாங்கின. உறுதி அங்கேதான் இருந்தது. ஆறு சிலிண்டர்களும் 3,442 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் கொண்ட அவ்வெஞ்சின் 160 குதிரைச்சக்தியைத் தந்தது.

பெரிய குடும்ப வண்டிக்கென வகுக்கப்பட்ட இவ்வெஞ்சின், 1948-ஆம் ஆண்டு லண்டன் கண்காட்சியில் எக்ஸ்.கே.120 என்னும் விளையாட்டு வண்டியில் முதலில் தோன்றியது. மணிக்கு 120 மைல் என்பதே அப்பெயரின் பொருள். 1949-இல் பெல்ஜியத்தின் ஜாபெக் நெடுஞ்சாலையில் அவ்வண்டி 132 மைல் வேகத்தையும் கடந்து, ஐயுற்றோரை வாயடைக்கச் செய்தது. 1952-இல் பாரிஸ் அருகே மான்லேரி பந்தய வட்டத்தில் ஏழு பகலும் ஏழு இரவும் ஓடி, சராசரி 100 மைலுக்குக் குறையாமல் நின்றது. கணப்பொழுது வேகத்தினும் இந்த ஒருவார உழைப்பே அதன் இயல்பை நன்கு காட்டியது.

இருபத்து நான்கு மணி நேரம் நடைபெறும் லெ மான் பந்தயத்தில் இவ்வெஞ்சின் பூண்ட வண்டிகள் 1951, 1953, 1955, 1956, 1957 ஆகிய ஐந்து ஆண்டுகளில் வென்றன. இவற்றுள் 1955-ஆம் ஆண்டு வெற்றியை மகிழ்ச்சியுடன் நினைவுகூர இயலாது. வேறொரு நிறுவனத்தின் வண்டி மக்கள் கூட்டத்துள் பாய்ந்து எண்பதுக்கும் மேற்பட்டோர் மாண்ட பந்தயம் அது. விரைவின் விலை எத்தகையது என்பதை உலகம் அன்று கண்டது.

பந்தயக் களத்தை விட்ட பின்னரும் எஞ்சின் ஓயவில்லை. 1961-இல் புகழ்மிக்க இ-டைப் வண்டிக்கும், 1968-இல் எக்ஸ்.ஜே.6 வண்டிக்கும் அதுவே உயிர். பிரிட்டிஷ் இராணுவத்தின் ஸ்கார்பியன் இலகு டாங்கியிலும் அது பொருத்தப்பட்டது. அரச குடும்பத்தினரின் பயணத்திற்கும், மாண்டோரின் இறுதி ஊர்வலத்திற்கும் பயன்பட்ட டெய்ம்லர் நெடுவண்டியிலும் அதுவே இயங்கியது. ஆயினும் வார்ப்பிரும்பினாலான அதன் உடல் கனமானது. எடை குறைந்த அலுமினிய எஞ்சினை 1983-இல் ஜாகுவார் வெளியிட்டபின் பழையது படிப்படியாக விலகி, 1992-இல் டெய்ம்லர் நெடுவண்டியுடன் விடைபெற்றது.

2008-இல் ஜாகுவார் நிறுவனம் நம் நாட்டு டாட்டா மோட்டார்ஸின் உடைமையாயிற்று. அதனால் இவ்வரலாற்றின் ஒரு கிளை இந்தியத் தொழிலுலகையும் தொடுகிறது. உடைமை விலைக்கு வரும். கைத்திறன் அவ்வாறு வருவதில்லை. வேண்டிய அளவினும் உறுதியாகச் செய்த பொருள், செய்தோர் எண்ணியிராத பணிகளுக்கும் உதவும் என்பதே அவ்வெஞ்சின் விட்டுச்சென்ற செல்வம். அதனை உழைப்பினாலன்றிப் பெறுதல் அரிது.