பாடப்பிரிவு என்னும் வாசல்: பத்தாம் வகுப்பிலிருந்து கல்லூரி வரை ஒரு வரலாறு



இந்த நினைவுச் சொற்பொழிவுக்கு அழைத்தபோது இட ஒதுக்கீட்டின் வரலாற்றைப் பேசும்படிதான் கேட்டார்கள். நாங்கள் இரண்டு படி கீழே இறங்கிப் பேச அனுமதி கேட்டோம். கல்லூரி வாசலில் உள்ள இட ஒதுக்கீட்டைப் பற்றி நம்மிடம் நூல்கள் உண்டு, தீர்ப்புகள் உண்டு, மேடைப்பேச்சு ஏராளம் உண்டு. அந்த வாசலுக்கு வருவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, பதினைந்து வயதில், தலைமையாசிரியர் அறையில் ஒரு மேசைக்கு முன்னால் நம் பிள்ளைகள் பலருக்கு வழி முடிந்துவிடுகிறது. அந்த மேசையைப் பற்றி நாம் குறைவாகவே பேசியிருக்கிறோம்.

சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணை, கல்லூரிச் சேர்க்கையில் ஒவ்வொரு 14 இடங்களுக்கும் 2 இடங்களை ‘அரிசனங்கள்’ என்ற பெயரில் நமக்கு ஒதுக்கியது. 1951இல் செண்பகம் துரைராசன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த ஆணையைச் செல்லாது என்றது. (வழக்குப் போட்ட அம்மையார் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே போட்டிருக்கவில்லை என்பது தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது.) அதே ஆண்டு அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்தது. இதெல்லாம் நமக்கு மனப்பாடம். ஆனால் அந்த 2 இடங்களில் உட்காரவேண்டிய பிள்ளை அதற்கு முன்பு எந்தப் பாடம் படித்திருக்க வேண்டும், அந்தப் பாடத்தை அவனுக்கு யார் கொடுத்திருக்க வேண்டும் என்பதை நாம் கேட்டதில்லை.

நம் தாத்தாக்களின் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். மதிப்பெண்ணோடு மதமும் சாதியும் எழுதப்பட்டிருக்கும். 1960களில் எஸ்.எஸ்.எல்.சி. படித்தவர்களைக் கேட்டால் இன்னொன்றும் சொல்வார்கள். கணக்கிலேயே இரண்டு உண்டு: ஜெனரல் மேத்ஸ், காம்போசிட் மேத்ஸ். அல்ஜீப்ராவும் ஜியோமிதியும் கூடுதலாக உள்ள காம்போசிட் மேத்ஸ் படித்தவர்தான் பி.யு.சி.யில் கணக்கு எடுத்துப் பொறியியல் பக்கம் போக முடியும். ஜெனரல் மேத்ஸ் எடுத்தவருக்கு அந்தத் திசை பதினான்கு வயதிலேயே அடைபட்டது. ‘உனக்கு ஜெனரல் போதும்’ என்ற சொல்லை வாத்தியார் யாரைப் பார்த்துச் சொன்னார் என்பதற்குப் புள்ளிவிவரம் எதையும் நாங்கள் கொண்டுவரவில்லை. நம் பெரியவர்கள் கூடும் எந்தத் திண்ணையிலும் அதற்குச் சாட்சி கிடைக்கும்.

1978இல் பி.யு.சி. போய் பிளஸ் டூ வந்தது. கல்லூரிக்குள் இருந்த ஓராண்டு பள்ளிக்குள் இரண்டாண்டாக மாறியது. இதில் நமக்கு நன்மை இருந்தது. நகரத்துக் கல்லூரிக்குப் போக முடியாத பிள்ளை பக்கத்து ஊர் மேல்நிலைப் பள்ளியில் படிக்க முடிந்தது. ஆனால் பிரிக்கும் அதிகாரமும் பக்கத்து ஊருக்கே வந்தது. முன்பு முகம் தெரியாத கல்லூரி முதல்வர் பிரித்தார். இப்போது நம் தெருவையும் அப்பன் யாரிடம் கூலிக்குப் போகிறான் என்பதையும் அறிந்தவர் பிரித்தார்.

எங்கள் கதையையும் சொல்லிவிடுகிறோம். 1990களின் நடுவில் பத்தாம் வகுப்பு முடித்தோம். ஊர்ப் பெயரும் பள்ளிப் பெயரும் இங்கே வேண்டாம். காலனியிலிருந்து அந்த ஆண்டு பாஸ் ஆனவர்கள் ஐந்து பேர். மார்க் ஷீட்டை வாங்கிப் பார்த்த ஆசிரியர், “கணக்குல 71. ஃபர்ஸ்ட் குரூப் தாங்காதுப்பா. ஹிஸ்டரி எடுத்துக்க, ஸ்காலர்ஷிப் எப்படியும் வரும்” என்றார். குரலில் கோபம் இல்லை, அக்கறைதான் இருந்தது. 64 வாங்கிய ஊர்த்தெருப் பையனுக்கு முதல் குரூப் கிடைத்தது. அவனுடைய அப்பா உள்ளே நாற்காலியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். எங்கள் அப்பா செருப்பை வெளியே விட்டுவிட்டு வாசலில் நின்றார். எங்கள் ஐந்து பேரில் மூவருக்கு ஹிஸ்டரி குரூப், ஒருவருக்கு வொகேஷனல். ஒருத்தி சேரவே இல்லை. சமூகவியலில் முதுகலை என்று அழைப்பிதழில் எங்கள் பெயருக்குப் பின்னால் போட்டிருக்கிறார்கள். அதை விரும்பித் தேர்ந்தெடுத்ததாக நினைத்துவிட வேண்டாம். பின்னால் விரும்பினோம், அது வேறு.

ஹிஸ்டரி குரூப் தாழ்ந்தது என்று நாங்கள் சொல்லவில்லை. வரலாறு படிக்காத சமூகத்துக்கு என்ன நடக்கும் என்பது நமக்குத் தெரியும். எங்கள் கேள்வி ஒன்றுதான்: பி.எஸ்சி. இயற்பியலுக்குக் கணக்கும் இயற்பியலும், பொறியியலுக்குக் கணக்கு, இயற்பியல், வேதியியல், மருத்துவத்துக்கு உயிரியல் என்று கல்லூரி கேட்கும்போது, முதல் குரூப் படித்தவர் பி.ஏ.வுக்கும் வரலாம், மூன்றாம் குரூப் படித்தவர் பி.எஸ்சி. இயற்பியலுக்குப் போக முடியாது. ஒருவழிப் பாதை அது. அந்தப் பாதையில் யாரை எந்த முனையில் நிறுத்துவது என்று முடிவு செய்தது யார்? பிளஸ் ஒன் சேர்க்கையிலும் இட ஒதுக்கீட்டைப் பின்பற்ற வேண்டும் என்று கல்வித்துறை சொல்கிறது. பாடப்பிரிவு வாரியாகத் தேர்வுப் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டி, அதை நம் பெற்றோர் நின்று படித்த பள்ளியை நாங்கள் இன்னும் பார்க்கவில்லை.

முதல் குரூப்புக்குள் நுழைந்த நம் பிள்ளைகளுக்கும் அடுத்தடுத்து தடைகள் வந்தன. 1984இல் தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வு வந்தது. பிளஸ் டூவுக்கு 200, நுழைவுத் தேர்வுக்கு 100 என்று கட்-ஆஃப் 300க்குக் கணக்கிடப்பட்ட காலம். அந்த 100க்கு நகரத்தில் கோச்சிங் விற்றார்கள். பேராசிரியர் மு. அனந்தகிருஷ்ணன் குழுவின் அறிக்கைக்குப் பிறகு, 2007இல் சட்டத்தின் மூலம் அது நீக்கப்பட்டது. நமக்குக் கிடைத்த பெரிய வெற்றிகளில் ஒன்று. ஆனால் பிளஸ் டூ மதிப்பெண்ணே எல்லாம் என்றானதும், பணம் வாங்கும் பள்ளிகள் பிளஸ் ஒன் புத்தகத்தைத் தள்ளி வைத்துவிட்டு இரண்டு ஆண்டும் பிளஸ் டூவையே உருப்போட வைத்தன. அரசுப் பள்ளியிலும் ஆதிதிராவிடர் நலப் பள்ளியிலும் முறைப்படி இரண்டு புத்தகத்தையும் படித்த நம் பிள்ளைகள் அவர்களோடு ஒரே பட்டியலில் வரிசைப்படுத்தப்பட்டார்கள்.

2017இல் இரண்டு மாற்றங்கள் வந்தன. ஒன்று நீட். பிளஸ் டூவில் 1200க்கு 1176 எடுத்த அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதாவை நாம் அந்த ஆண்டு செப்டம்பர் 1ஆம் தேதி இழந்தோம். அதற்குமேல் இங்கே விரித்துச் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. மற்றொன்று, பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு. முதல் தேர்வு 2018 மார்ச்சில் நடந்தது. பிளஸ் ஒன் பாடத்தை எல்லாப் பள்ளியும் நடத்த வேண்டும் என்ற நோக்கம் சரியானதுதான். ஆனால் அந்த மதிப்பெண் கல்லூரிச் சேர்க்கைக்கும் சேரும் என்றார்கள்; பிறகு 2018இல், சேராது, பிளஸ் டூ மட்டும்தான் என்று மாற்றினார்கள். புதுப் பாடத்திட்டத்தில் தடுமாறிய முதல் ஆண்டை மறக்க ஒரு வாய்ப்பு கிடைத்ததாக அப்போது மகிழ்ந்தோம்.

அந்த மகிழ்ச்சி 2021 வரைதான். கொரோனாவால் பிளஸ் டூ தேர்வு ரத்தானது. மதிப்பெண் போட ஒரு கணக்கு வைத்தார்கள்: பத்தாம் வகுப்பில் அதிகம் எடுத்த மூன்று பாடங்களின் சராசரியிலிருந்து 50 விழுக்காடு, பிளஸ் ஒன்னிலிருந்து 20, பிளஸ் டூ செய்முறை, அகமதிப்பீட்டிலிருந்து 30. பொறியியல் கட்-ஆஃபும் இதிலிருந்துதான் வந்தது. அதாவது 2019 மார்ச்சில், பதினைந்து வயதில் எழுதிய தேர்வு, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் பாதிக் கல்லூரிச் சேர்க்கையாக மாறியது. செங்கல் சூளைக்குப் பெற்றோரோடு போய் வந்து பத்தாம் வகுப்பை எப்படியோ தேறி, பிறகு விடுதியில் தங்கி எழுந்து நின்ற பிள்ளைகளை எங்களுக்குத் தெரியும். அவர்கள் எழுந்து நின்ற ஆண்டுக்கு மதிப்பு குறைவு. விழுந்து கிடந்த ஆண்டுக்கு மதிப்பு அதிகம். விரும்பினால் பிறகு தேர்வு எழுதலாம் என்ற வாய்ப்பும் இருந்தது என்பதை மறைக்கவில்லை. போன் இல்லாமல் ஓராண்டைக் கழித்த பிள்ளை எந்தத் துணிவில் அதை எழுதும்?

அது பேரிடர்க் காலத்து ஏற்பாடு என்று விட்டுவிடலாம். ஆனால் சாதாரணக் காலத்திலும் பத்தாம் வகுப்பு முழுதாக விலகுவதில்லை. பொறியியல் தரவரிசையில் இருவர் சமமாக வந்தால் கணக்கு, இயற்பியல் என்று பார்த்து, அதிலும் சமமென்றால் பத்தாம் வகுப்பு மதிப்பெண் வரை போகிறார்கள். அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 விழுக்காடு 2020இல் மருத்துவத்துக்கும் 2021இல் பொறியியல் உள்ளிட்ட படிப்புகளுக்கும் வந்தது. அதைப் பெற ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். இது நமக்குச் சாதகமான பின்னோக்கிய பார்வை, வரவேற்கிறோம். ஆனால் அறிவியல் குரூப்புகளுக்குள் போகாத அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு அந்த 7.5இல் மருத்துவமும் இல்லை, பெரும்பாலான பொறியியல் இடமும் இல்லை.

2025இல் மாநிலக் கல்விக் கொள்கையோடு பிளஸ் ஒன் பொதுத்தேர்வு நீக்கப்பட்டது. பிள்ளைகளுக்குச் சுமை குறைந்தது. பழைய உருப்போடும் வித்தை திரும்புமா என்பதை அடுத்த சில ஆண்டுகளில் பார்க்கப்போகிறோம். நீட் கேள்வித்தாளில் பிளஸ் ஒன் பாடம் அப்படியேதான் இருக்கிறது.

சில ஆண்டுகளாகப் பத்தாம் வகுப்பு முடிவு வந்த வாரத்தில் நாங்கள் ஐந்தாறு பேர் வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு, காலனிப் பிள்ளைகளோடு பள்ளிக்குப் போகிறோம். பெற்றோரை உள்ளே நாற்காலியில் உட்காரச் சொல்கிறோம். எந்தக் குரூப்புக்கு எத்தனை இடம், எந்த மதிப்பெண் வரை கொடுத்தீர்கள் என்று எழுத்தில் கேட்கிறோம். போன முறை ஒரு பள்ளியில் கணக்கில் 58 எடுத்த பெண்ணுக்கு முதல் குரூப் கேட்டோம். “இந்தப் பொண்ணு தாங்காதுங்க” என்றார்கள், முப்பது ஆண்டுக்கு முன் கேட்ட அதே சொல். அந்தப் பெண் எங்களைத் தாண்டி முன்னால் போய், “தாங்குறனா இல்லியான்னு நான் படிச்சுப் பாத்துக்கிறேன் சார், ஃபாரத்த குடுங்க” என்றாள். கொடுத்தார்கள். இப்போது பிளஸ் ஒன் கணக்கில் திணறிக்கொண்டுதான் இருக்கிறாள். அந்தப் பள்ளியில் கணக்கு ஆசிரியர் பணியிடம் காலியாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுக்கும் அவளோடு படிக்கும் நான்கு பேருக்கும் கணக்குச் சொல்லித்தர ஆள் தேடுகிறோம். இந்த அரங்கில் கணிதம் படித்தவர்கள் யாராவது இருந்தால், கூட்டம் முடிந்ததும் எங்களைப் பாருங்கள்.